128 இடங்களும் 247 எழுத்துகளும்

1998ஆம் ஆண்டிலோ 2001ஆம் ஆண்டிலோ தமிழில் தட்டெழுதிச் சேமித்துவைத்த ஒரு கோப்பை இன்றைய கணிப்பொறியில் திறந்து பார்த்தவர்கள் நம்முள் பலர் இருப்பர். திரையில் தமிழ் தோன்றுவதில்லை. தலையில் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளும், நாணயக் குறிகளும், தலைகீழாக நிற்கும் வினாக்குறிகளும் வரிவரியாக வந்து நிற்கின்றன. கோப்பு சிதைந்துவிட்டது என்று எண்ணி அதை அழித்தவர்களும் உண்டு. உண்மையில் அது சிதையவில்லை. ஒரு பைட்டுகூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது. அதைப் படிக்கும் திறவுகோல்தான் தொலைந்துபோயிற்று.

தமிழ் கணிப்பொறிக்குள் நுழைந்த வரலாற்றை வெற்றிக்கதையாகச் சொல்வது வழக்கம். வெற்றி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த வரலாற்றுக்குள் மற்றொரு கேள்வி தொடர்ந்து வந்திருக்கிறது. ஓர் எழுத்து என்றால் எது? 'கொ' என்பது ஓர் எழுத்தா, இரண்டா, மூன்றா? இலக்கண ஆசிரியரைக் கேட்டால் ஒன்று என்பார். அச்சுக் கோப்பவர் மூன்று என்பார். கணிப்பொறியோ, எந்தக் குறியேற்றம் என்று முதலில் நம்மைக் கேட்கும். இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பொறிகள் தந்த விடைகளே தமிழ்க் குறியேற்றத்தின் வரலாறு. அவற்றுள் ஒவ்வொரு விடைக்கும் நாம் ஒரு விலை கொடுத்திருக்கிறோம்.

பொறிக்கு ஏற்ற எழுத்து

தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துகள் கொண்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஈய எழுத்துகளைக் கொண்டு அச்சுக் கோத்த காலத்தில் இந்த எண்ணிக்கை சுமையாக இருந்ததேயன்றித் தடையாக இருக்கவில்லை. பெட்டியில் அறைகள் கூடினால் போதும். தட்டச்சுப் பொறி வந்தபோதுதான் நெருக்கடி தொடங்கியது. விசைகளின் எண்ணிக்கையை விருப்பம்போல் கூட்ட இயலாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது இந்த நெருக்கடிக்கு ஒரு தீர்வு கண்டார். எழுத்துகளை முழுமையாக வைக்காமல் அவற்றின் உறுப்புகளை விசைகளில் வைப்பது. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. புள்ளியைத் தட்டினால் உருளை நகராது. அதன் பின் மெய்யின் வடிவைத் தட்டினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். கண்ணுக்குத் தோன்றும் வடிவமே இங்கு அலகு. எழுத்து என்ற இலக்கணக் கருத்து பின்னுக்குச் சென்று, வடிவத்துண்டு முன்னுக்கு வந்தது. இந்த மாற்றம் பின்னாளில் கணிப்பொறியிலும் தொடர்ந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துச் சீர்திருத்தமும் இந்த வரிசையில் வருவதே. பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்களைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஆணையாக வெளியிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 உயிர்மெய்கள் தமக்கெனத் தனி உருவம் கொண்டிருந்த நிலை மாறி, ஏனைய எழுத்துகளைப்போல் காலும் இணைக்கொம்பும் பெற்றன. கற்போர்க்கு எளிமை என்பதே முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அடுத்து வந்த கணிப்பொறிக்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதை அன்று எவரும் முழுமையாக எண்ணியிருக்க மாட்டார்கள். இடப் பற்றாக்குறை மிகுந்த ஓர் அரங்கத்தில் 13 தனி உருவங்கள் குறைவது சிறிய செய்தியன்று.

ஏழு பிட்டின் உலகம்

1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியேற்றம் ஏழு பிட்டுகளால் ஆனது. ஏழு பிட்டுகளால் 128 எண்களைக் குறிக்கலாம். அவற்றுள் 33 இடங்கள் பொறியை இயக்கும் கட்டளைகளுக்குப் போயின. எஞ்சிய 95 இடங்களில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் அடங்கிவிட்டன. 1964இல் அறிமுகமான ஐபிஎம் சிஸ்டம் 360 வகைப் பொறிகள் எட்டுப் பிட்டுகளை ஒரு பைட்டாகக் கொண்டன. அதுவே காலப்போக்கில் பொது வழக்காயிற்று. எட்டாவது பிட் மேலும் 128 இடங்களைத் திறந்துவிட்டது.

உலகின் ஏனைய மொழிகளெல்லாம் இந்த இரண்டாவது 128க்காகவே காத்திருந்தன. மேற்கு ஐரோப்பிய மொழிகள் தம் சிறப்பெழுத்துகளை அங்கே வைத்துக்கொண்டன. கிரேக்கமும் இரசிய எழுத்தும் தத்தம் பட்டியலில் வசதியாக அமர்ந்தன. தமிழுக்கு மட்டும் கணக்கு உதைத்தது. இருப்பது 128, அவற்றிலும் முதல் 32 இடங்களைக் கட்டளைகளுக்கென ஒதுக்குவது பன்னாட்டுத் தர வழக்கம். வேண்டுவதோ 247. இந்த ஓர் எளிய கழித்தல் கணக்குதான் அடுத்த 20 ஆண்டுத் தமிழ்க் கணிமைப் பூசல்களின் வேர் என்று சொன்னால் மிகையாகாது.

இந்திய அரசின் சார்பில் உருவான முதல் தீர்வு இஸ்கி. 1988இல் ஒரு வடிவம் வெளிவந்தது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் அதைத் திருத்தி ஏற்றது. பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்து முறைகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்பது இதன் அடிப்படை. புனேயில் இருந்த சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்ற பெயரில் ஒரு மின்னட்டையை வெளியிட்டது. அந்த அட்டையைக் கணிப்பொறிக்குள் செருகினால் இந்திய எழுத்துகள் திரையில் தோன்றும்.

கருத்தளவில் இஸ்கி உயர்ந்தது என்றே நாம் கருதுகிறோம். அது வடிவத்துண்டை விட்டுவிட்டு ஒலியை அலகாகக் கொண்டது. ஆனால் ஒரே பட்டியல் என்ற கொள்கைக்குத் தமிழ் முழுமையாக இசையவில்லை. வல்லினத்துக்கு நான்கு நான்கு எழுத்துகள் வடமொழிக்கு உண்டு; நமக்கு ஒன்றே. ஆகவே தமிழ்ப் பகுதியில் வெற்றிடங்கள் விழுந்தன. மேலும், பட்டியலின் வரிசை நெடுங்கணக்கின் வரிசையாகவும் இருக்கவில்லை. இவற்றையெல்லாம்விட நடைமுறைத் தடை ஒன்றிருந்தது. தனி அட்டையோ தனி மென்பொருளோ இல்லாமல் எதையும் எழுத முடியாது. வீட்டில் கணிப்பொறி வைத்திருந்தவர்களையும் வெளிநாட்டில் வாழ்ந்த தமிழரையும் இஸ்கி சென்றடையவில்லை.

எழுத்துரு என்னும் மாயம்

அவர்கள் வேறொரு வழியைக் கண்டனர். ஆங்கில எழுத்தின் வடிவத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து ஓர் எழுத்துருவை உருவாக்குவது. கணிப்பொறி தான் ஆங்கிலம் எழுதுவதாகவே நம்பிக்கொண்டிருக்கும். காண்பவர் கண்ணுக்கு மட்டும் அது தமிழ். எளிய தந்திரம், ஆனால் பயன் பெரிது. மலேசியாவின் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியின் கணியன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று பல முயற்சிகள் தமிழ்நாட்டுக்கு வெளியேயிருந்து வந்தன. அரசு ஆதரவுக்குக் காத்திராமல் தனி மனிதர்கள் செய்த இந்தத் தொண்டு போற்றத்தக்கது. 'இணையம்' என்ற சொல்லையே நமக்குத் தந்தவர் நா. கோவிந்தசாமி என்பர்.

ஆனால் எழுத்துருவை வரைந்த ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தனர். ஒருவருடைய 'க' மற்றொருவருக்கு 'ழ'. ஒவ்வொரு நாளேடும் ஒவ்வொரு பதிப்பகமும் ஒரு தனித் தீவாயிற்று. பக்க வடிவமைப்புக்கான தமிழ் மென்பொருள்கள் சிலவற்றுக்குக் கணிப்பொறியின் பின்புறத்தில் செருகும் வன்பூட்டு வேண்டும்; அது பழுதுபட்டால் அதுவரை எழுதியவற்றின் மேல் நமக்கு உரிமை இருந்தும் படிக்க வழியிருக்காது.

இணையம் இந்தச் சிக்கலைப் பன்மடங்காக்கியது. 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 விதிமுறை மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. எனவே உலாவிகள் தமிழ்ப் பக்கங்களை ஐரோப்பிய மொழிப் பக்கங்களாகவே எண்ணின. ஒவ்வொரு தளத்தின் வாயிலிலும் 'எழுத்துருவை இறக்கிக்கொள்க' என்ற அறிவிப்பு தொங்கியது. 1997இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் நான்காம் பதிப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பும் பக்கத்தோடு சேர்ந்து தானே இறங்கும் இயங்கு எழுத்துருவைக் கொண்டுவந்தன. தமிழ் இதழ்களுக்கு இது நல்வரமாகத் தோன்றியது. ஆனால் இரண்டு நிறுவனங்களும் இரண்டு வகைக் கோப்புகளைப் பயன்படுத்தின. ஒன்றின் எழுத்துருவை மற்றது அறியாது. 2000இல் வந்த நெட்ஸ்கேப்பின் ஆறாம் பதிப்பு தன் பழைய முறையையே கைவிட்டுவிட்டது. அதை நம்பி அமைத்த பக்கங்கள் அந்த உலாவியில் ஒரே நாளில் தமிழை இழந்தன.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இணையப் பக்கத்தில் எழுத்துருவைச் சேர்ப்பதற்கான விதி, சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பில் 1998லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் எந்த வகைக் கோப்பு என்பதில் நிறுவனங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. வோஃப் என்னும் பொது வடிவத்தை டபிள்யூ3சி முறையாகப் பரிந்துரைத்தபோது ஆண்டு 2012. விதி எழுதப்படுவது வேறு, அது வாழ்வது வேறு. இடைப்பட்ட 14 ஆண்டுகள் ஆங்கிலத்துக்கு ஓர் அழகியல் குறைபாடு. தமிழுக்கோ படிக்க முடியுமா முடியாதா என்ற கேள்வி.

திஸ்கியும் ஓர் இகரமும்

தீவுகளுக்கிடையே பாலம் வேண்டும் என்ற எண்ணம் 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டிலும் அதைத் தொடர்ந்த உரையாடல்களிலும் வலுப்பெற்றது. பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் விவாதித்து உருவாக்கிய தகுதரம் திஸ்கி. 247 எழுத்தையும் 128 இடங்களில் வைக்க இயலாது என்பதால் உயிர், அகர உயிர்மெய், புள்ளியிட்ட மெய், உகர ஊகார வரிசை ஆகியவற்றுக்கு முழு இடமும், ஏனையவற்றுக்குக் கொம்பு, கால் போன்ற துண்டுகளும் தந்தனர்.

அந்தப் பட்டியலின் 1.7ஆம் பதிப்பில் ஒரு விந்தை இருக்கிறது. அகரம் 171ஆம் இடத்தில், ஆகாரம் 172இல். அடுத்து இகரம் 173இல் இருக்க வேண்டும். இல்லை. ஈகாரம் 174இல், உகரம் 175இல் என்று வரிசை தொடர்கிறது. இகரம் மட்டும் பட்டியலின் கடைக்கோடியில் 254ஆம் இடத்தில் நிற்கிறது. காரணம், 173ஆம் எண் ஐரோப்பியப் பட்டியலில் வரி மடியும் இடத்தில் மட்டும் தோன்றும் மென்சிறுகோட்டுக்கு உரியது. பல மென்பொருள்கள் அந்த எண்ணைக் கண்டால் எதையும் காட்டாமல் விழுங்கிவிடும். 'இது', 'இங்கே', 'இல்லை' என்ற சொற்களிலெல்லாம் முதலெழுத்து மறைந்துபோகும். எங்கோ பிறமொழிக்காக வகுத்த ஒரு சிறுகோட்டுக்கு அஞ்சித் தமிழின் மூன்றாம் உயிரெழுத்து தன் வரிசையைவிட்டு விலக நேர்ந்தது. இரவல் இடத்தில் குடியிருப்பதன் பொருள் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்தச் சான்றும் காட்டாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு வேறு முடிவுக்கு வந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்தெழுத டாப், தமிழ் மட்டும் எழுதும் அச்சுப் பணிக்கு டாம் என்று இரு குறியேற்றங்களைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. உலகத் தமிழரின் இணையப் பக்கங்களில் திஸ்கி, தமிழ்நாட்டில் டாபும் டாமும், நாளேடுகளில் பழைய தனித் தீவுகள் என்று நிலைமை மேலும் கலங்கியது. அம்மாநாட்டின் நிலைத்த கொடை என்று நாம் கருதுவது தமிழ்99 விசைப்பலகையையே. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்துத் தானே புள்ளி பெறும். ஙகரத்தின் பின் ககரம் வந்தாலும் அவ்வாறே. தமிழ்ச் சொல்லில் எந்த மெய்யை அடுத்து எது வரும் என்ற மயக்க விதிகளைப் பொறிக்குள் அமைத்த வடிவமைப்பு அது. குறியேற்றங்கள் போய்விட்டன, அந்த விசைப்பலகை இன்றும் நம் கைப்பேசிகளில் வாழ்கிறது. மொழியின் இயல்பை ஒட்டி அமைந்தது நின்றது என்பது தற்செயலன்று.

வடிவத்துண்டு முறையின் குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திஸ்கியில் 'கோடு' என்ற சொல் இரட்டைக்கொம்பு, ககரம், கால், டுகரம் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். 'காடு' என்பது ககரம், கால், டுகரம். ஆகவே ஒரு நூலில் 'காடு' எங்கெல்லாம் வருகிறது என்று கணிப்பொறியைத் தேடச் சொன்னால் 'கோடு' வரும் இடங்களையும் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்தும். சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு உருவாக்க முனைபவர்க்கு மலையுச்சியும் மரக்கிளையும் காடாகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவது அறிவுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒருங்குறியின் வருகை

இந்தப் பூசல்களெல்லாம் தொடங்குமுன்னரே, 1991இல், ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியாகிவிட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உலகின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல் என்பது அதன் நோக்கம். அதில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியும் இருந்தது. ஆனால் அப்பகுதி தமிழறிஞர் அவை கூடி வகுத்ததன்று. 1988ஆம் ஆண்டு இஸ்கியின் அமைப்பை அப்படியே தழுவியது. இன்றும் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள் உள்ளன. நகரத்தை அடுத்தே னகரமும் ரகரத்தை அடுத்தே றகரமும் நிற்கின்றன.

இலக்கணம் கற்றவர்க்கு இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கிறது என்பது தமிழ் மரபு. க் என்பது முதல். அதனோடு அகரம் கூடியது க. ஒருங்குறியில் இது தலைகீழ். க என்பது முதல். அதன்மேல் புள்ளி என்னும் குறியைச் சேர்த்தால் க். ஆகவே 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் ஒருங்குறியில் ஐந்து குறிகளாகிறது. இணையத்தில் பெருவழக்கான யுடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. ஆக 15 பைட்டு. திஸ்கியில் இதே சொல்லுக்கு நான்கு பைட்டு போதும். தொலைபேசிக் கம்பிவழியே நத்தைபோல் இணையம் ஊர்ந்த காலத்தில் இது வெறும் கணக்கன்று. குறுஞ்செய்தியில் இதன் தாக்கத்தைப் பலரும் உணர்ந்திருப்பர். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 குறிகளே. அந்த எழுபதுள் 'தமிழ்' என்ற சொல்லே ஐந்தைக் கொண்டுபோய்விடும்.

வேறு குழப்பங்களும் இருந்தன. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே எனக் கொள்ளும்படி விதி இருக்கிறது. விதியை மதிக்காத மென்பொருளும் இருக்கிறது. தமிழ் எண் சுழியம் 2005இல்தான் பட்டியலில் சேர்ந்தது. முந்திரி, காணி முதலிய பின்னக் குறிகளும் பழைய கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் தனிப் பகுதியாக இடம்பெற்றன.

இத்தனை குறைகளோடும் ஒருங்குறி எவ்வாறு வென்றது? அதன் பட்டியல் சிறந்தது என்பதால் அன்று. ஏனைய அனைத்தும் அதைச் சார்ந்து நின்றதால். 1997இன் இறுதியில் வந்த எச்டிஎம்எல் 4.0 ஒருங்குறியின் எழுத்துத் தொகுதியை இணையப் பக்கங்களின் அடிப்படையாக்கியது. விண்டோஸ் 2000 லதா என்ற எழுத்துருவோடு தமிழைத் தன் இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. கொம்பை ககரத்துக்கு முன்னால் நகர்த்திக் காட்டும் வேலையை இயங்குதளம் ஏற்றுக்கொண்டதும், சேமிப்பது வேறு, காட்டுவது வேறு என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. 'காடு' தேடினால் 'காடு' மட்டும் கிடைத்தது. இ-கலப்பை போன்ற இலவசக் கருவிகள் எவரும் எழுதலாம் என்ற நிலையை உண்டாக்கின. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதே காலத்தில் பெருகிய வலைப்பதிவுகளும் ஒருங்குறியில் எழுந்தன. தேடுபொறிகளால் அவற்றைப் படிக்க முடிந்தது. தனித் தீவுகளாக இருந்த பெரிய இதழ்களின் பக்கங்களோ தேடுவார் கண்ணுக்குப் புலப்படவில்லை. எழுத்துருவைக் கேளாமல் திறக்கும் பக்கமே மக்களின் தீர்ப்பைப் பெற்றது.

திஸ்கி இணையக் குறியேற்றங்களின் பன்னாட்டுப் பதிவேட்டில் முறையாக ஏறியது 2007இல். அதற்குள் ஊர் இடம்பெயர்ந்துவிட்டது.

கொரியர் பெற்றதும் நாம் கேட்டதும்

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. கூடவே, ஒருங்குறி வழங்காத இடங்களில் பயன்படுத்த டேஸ்-16 என்ற மாற்றுக் குறியேற்றத்தையும் ஏற்றது. இம்முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒவ்வொரு மெய்க்கும் தனி இடம். 'தமிழ்' மூன்றே குறிகள். அசை பிரிக்கவும் சந்தி பிரிக்கவும் நிரல் எழுதுவோர்க்கு இது கரும்பு.

இதை முன்வைத்தோர் கொரிய மொழியைச் சுட்டிக்காட்டினர். கொரியர்க்கு 1996இல் வந்த ஒருங்குறி இரண்டாம் பதிப்பில் 11,172 அசையெழுத்துகளும் தனித்தனியே இடம் பெற்றன. நமக்கு 247 கிடைக்காதா என்பது கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கொரிய நிகழ்ச்சியின் பின்விளைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னரே ஓரிடத்தில் வைத்த கொரிய எழுத்துகளை வேறிடத்துக்கு மாற்றியதால் பழைய கோப்புகள் பயனற்றுப்போயின. அதன் பின் ஒருங்குறிக் கூட்டமைப்பு, ஒருமுறை இடம் பெற்ற எழுத்து இனி எந்நாளும் நகர்த்தப்படாது, நீக்கப்படாது என்ற உறுதியை மேற்கொண்டது. கதவு சாத்தப்பட்டதற்குக் காரணம் தமிழ்மேல் பகையன்று. எழுதியது நாளையும் படிக்கப்பட வேண்டும் என்ற அக்கறையே.

நம் கருத்து இது. டேஸ்-16 முன்வைத்த இலக்கண வாதம் சரியானது. 1988இல் அது எழுந்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். ஆனால் வரிசைக் குறையை அகரநிரல் விதிகளால் தீர்க்கலாம். எழுத்தெண்ணிக்கைக் குறையைச் சில வரி நிரலால் தீர்க்கலாம். பைட்டுச் சுமையை வன்பொருளின் வளர்ச்சியே தீர்த்துவிட்டது. இன்று ஒரு சாதாரண ஒளிப்படம் கொள்ளும் இடத்தில் முழுக் கம்பராமாயணத்தையும் வைக்கலாம். இனியொரு தரத்தை மாற்றுவது மீண்டும் ஒரு தலைமுறைக் கோப்புகளைப் படிக்க இயலாதவையாக ஆக்கும். குறையுள்ள ஒரு பொதுத்தரம், குறையற்ற இரு தரங்களைவிட மேலானது.

புள்ளியில்லா ஓலை

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியிட மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் காட்ட மாட்டார்கள். ஓலை கிழியும் என்பதும் எழுத்தாணியின் வேகமும் காரணம். ஆயினும் உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அவற்றைப் படித்தனர். குறியில்லாவிடினும் மொழியறிவால் இட்டு நிரப்ப முடிந்தது. ஓலையில் எழுத்து கண்ணெதிரே இருக்கும். செல்லரித்த இடம் போக எஞ்சியதை மனிதர் படிக்கலாம்.

கணிப்பொறிக் கோப்பு அப்படியன்று. அதில் இருப்பவை எண்கள். எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியல் தொலைந்தால் செல்லரிக்காத கோப்பும் ஊமையே. 1990களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் நம்மவர் கணிப்பொறியில் எழுதிய கதைகள், கட்டுரைகள், பக்கம் வடிவமைத்து அச்சான நூல்களின் மூலக்கோப்புகள், பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஆகியவற்றில் பெரும்பகுதி இவ்வகைத் தீவுகளில் பிறந்தவை. குறுந்தகடு, நெகிழ்வட்டு என்று எங்கெங்கோ கிடக்கின்றன. இன்றைய உலாவிகள் அறிந்த குறியேற்றப் பட்டியலில் திஸ்கி இல்லை. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியும் புதிய கணிப்பொறிகளில் இல்லை.

தப்பிய வழிக்கு நற்சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கி, தன்னார்வலர்களால் தட்டெழுதப்பட்ட நூல்கள் திஸ்கியில் வெளிவந்தன. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கி என்ற ஆவணப்படுத்திய பொதுத்தரத்தில் இருந்ததால்தான் அந்த மாற்றம் எளிதாயிற்று. தனியார் எழுத்துருவில் இருந்தவற்றுக்கு அந்த வாய்ப்பு அரிது. இதுவே தரம் என்பதன் பயன். அது அழிந்தாலும் அடுத்ததற்கு வழிவிட்டு அழியும்.

ஆகவே இப்பக்கத்தைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய கோப்புகளை அழிக்காதீர்கள். அவற்றோடு அக்காலத்து எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதையும் சேர்த்துப் பாதுகாத்திடுங்கள்; அதுதான் திறவுகோல். எந்த எழுத்துரு, எந்த மென்பொருள், எந்த ஆண்டு என்பதை ஒரு சிறு குறிப்பாக ஒருங்குறியில் எழுதிக் கூடவே வையுங்கள். திஸ்கியில் உள்ளவற்றை மாற்ற லினக்சில் இருக்கும் ஐகான்வ் கருவியே போதும். ஓப்பன் தமிழ் நிரற்றொகுப்பு வேறு பல பழைய குறியேற்றங்களையும் அறியும். மாற்றிய பின் முதற்பக்கத்தையேனும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறிப்பாக இகரத்தில் தொடங்கும் சொற்களை. மாற்றியதை ஒருங்குறியில் எளிய உரைக்கோப்பாகச் சேமித்துவிட்டு மூலத்தையும் வைத்திருங்கள்.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த தலைமுறை நமக்கு வாய்த்தது நம் நற்பேறு. நம் எழுத்தைத் தேடி வரப்போகிறவர்க்கு அலைச்சலையாவது நாம் குறைத்துவைக்கலாம்.